இரண்டாம் மாடிப் பாட்டியும் 24 மொழிகளும்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் படுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. நான் இருப்பது நாலாவது மாடி. அரிசிப் பையோடு படியேறி, மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் உரிமையாளர் கூட்டத்துக்கான கடிதம் வந்தது. பிரஸ்ஸல்ஸில் அபார்ட்மெண்ட் வாங்கினால் இந்தக் கூட்டமும் வீட்டோடு சேர்ந்தே வரும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்தே ஆகவேண்டும். கட்டடத்தை நிர்வாகம் செய்கிறவருக்கு இங்கே ‘சிண்டிக்’ என்று பெயர். அவர் கணக்கு காட்டுவார், நாம் கை தூக்க வேண்டும்.

மொத்தம் பதினொரு வீடு. தெருமுனைக் காபிக்கடையின் பின்னறையில் ஒன்பது பேர் கூடியிருந்தோம். சிண்டிக் பிரெஞ்சில் ஆரம்பித்தார். மோட்டார் போய்விட்டது, கண்ட்ரோல் பேனலும் போய்விட்டது, ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும், 40,000 யூரோவுக்குப் பக்கத்தில் வரும். அப்போது இரண்டாம் மாடிப் பாட்டி கையைத் தூக்கினார். எண்பதைத் தாண்டியவர். “டச்சில் சொல்லுங்கள்” என்றார். கெஞ்சுகிற தொனி இல்லை. மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிற தொனி.

அறை முழுக்க ஒரு பெருமூச்சு. ஐந்தாம் மாடிப் போர்த்துகீசியர் கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் ரொட்டிக்கடையில் பிரெஞ்சில்தான் வாங்குகிறார், வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டும் வருகிறார். சிண்டிக்குக்கோ டச்சு தட்டுத்தடுமாறித்தான் வரும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். தெரிந்த பாஷையில் கேட்டுத் தொலைத்தால் என்ன என்றுதான் தோன்றியது. எனக்கே பிரெஞ்சு பாதிதான் புரியும், டச்சு கால்வாசி. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கவில்லையா?

கூட்டம் முடியாமலே கலைந்தது. வெளியே வரும்போது மரியாதைக்காகப் பாட்டியிடம் ஏதோ சொன்னேன், உங்களுக்குப் பிரெஞ்சு நன்றாக வருமே என்கிற மாதிரி. நின்று என்னைப் பார்த்தார். “ரொட்டி வாங்குகிற பிரெஞ்சு என்னிடம் இருக்கிறது. பணத்துக்குச் சண்டை போடுகிற பிரெஞ்சு இல்லை” என்றார். மெதுவாக, எனக்குப் புரிகிற டச்சில்.

பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் ரொட்டி வாங்குகிற டச்சுதானே.

காதில் மாட்டிக்கொண்டு

எங்கள் பேட்டை எட்டர்பேக். அங்கிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். முழு அமர்வுகள் பெரும்பாலும் ஸ்ட்ராஸ்பர்க்கில், வருஷத்துக்கு 12 தடவை. பிரஸ்ஸல்ஸில் குட்டி அமர்வுகள் நடக்கும். இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைத் தாண்டித்தான் ட்ராம் பிடிக்கப் போகிறேன், உள்ளே போனதே கிடையாது. பாட்டி புண்ணியத்தில் ஒரு நாள் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு ஹெட்போன், பக்கத்தில் மொழி மாற்றுகிற ஒரு பொத்தான்.

கீழே உறுப்பினர்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு மொத்தம் 720 பேர், ஆனால் அன்றைக்கு அவையில் காலி இருக்கைகள்தான் அதிகம். என் கண் அவர்கள் மேல் நிற்கவில்லை. அவையைச் சுற்றி, உயரத்தில், கண்ணாடிக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் இரண்டு மூன்று பேர், மைக், தண்ணீர் பாட்டில், காகிதக் குவியல். உரைபெயர்ப்பாளர்கள். எனக்கு ‘துபாஷி’ என்கிற பழைய சொல்தான் பிடித்திருக்கிறது. இரண்டு பாஷைக்காரர். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த உத்தியோகம். பிள்ளைக்கு இருந்த அதிகாரமும் வியாபாரமும் இவர்களுக்குக் கிடையாது, வேலை மட்டும் அதே வேலை.

ஒரு ஜெர்மன் உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்துக்குப் பொத்தானைத் திருப்பினேன். ஒரு பெண்குரல், நிதானமாக. அவர் பேசி மூன்று நான்கு விநாடி கழித்து இங்கே வார்த்தை வருகிறது. திடீரென்று அந்தக் குரல் நின்றது. அங்கே உறுப்பினர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார், இங்கே மௌனம். பிறகு ஒரே மூச்சில் கொட்டினார். விஷயம் வேறொன்றும் இல்லை, வினைக்காகக் காத்திருந்திருக்கிறார். ஜெர்மன் வாக்கியத்தில் முக்கியமான வினைத்துண்டு பலநேரம் கடைசியில்தான் வந்து விழும். “இந்தத் திட்டத்தை, அதில் இன்னின்ன குறைகள் இருந்தபோதிலும், எங்கள் மாநில விவசாயிகளின் நிலையைக் கருதி, நான்...” என்று போய்க்கொண்டே இருந்தால், ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா? நமக்கு இது புதிதா என்ன! தமிழுக்கு அங்கே ஒரு கூண்டு இருந்தால் ஜெர்மன்காரர்களை அனாயாசமாகச் சமாளித்துவிடுவோம். வினையை முதலிலேயே போட்டுவிட்டு மற்றதைப் பிறகு அடுக்குகிற பிரெஞ்சுக்காரர்களிடம்தான் முழி பிதுங்கும்.

அரை மணிக்கு ஒருமுறை குரல் மாறுகிறது. அதற்கு மேல் ஒரே ஆள் செய்தால் மூளை காய்ந்துவிடுமாம். எல்லாக் கூண்டிலும் எல்லா மொழியும் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. 24 மொழி, ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 23-க்கு என்று கணக்குப் போட்டால் 552 ஜோடி. மால்டிஸிலிருந்து நேராக எஸ்டோனியனுக்கு மாற்றுகிற ஆளை எங்கே போய்த் தேடுவது? அதனால் ரிலே. மால்ட்டா உறுப்பினர் பேசுவதை ஒருவர் ஆங்கிலமாக்குவார், அந்த ஆங்கிலத்தைக் காதில் வாங்கி எஸ்டோனியக் கூண்டுக்காரர் தன் மொழியில் சொல்வார். அதனால்தான் யாராவது நகைச்சுவையாகப் பேசினால் அவையில் சிரிப்பு ஒரே சமயத்தில் வருவதில்லை. முதலில் இந்தப் பக்கம் நாலு பேர், கொஞ்சம் கழித்து அந்தப் பக்கம் நாலு பேர். கடைசியாகச் சிரிப்பவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பார்த்தால் ரிலே எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவிடும். கடைசி வரை சிரிக்காதவர்களும் உண்டு. அதற்கு ரிலேயைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்லும் கதை ஒன்று. மாடு வளர்ப்பு பற்றிய கூட்டத்தில் உறைந்த விந்தணு பற்றி யாரோ ஆங்கிலத்தில் பேச, பிரெஞ்சில் ‘உறைந்த மாலுமிகள்’ என்று போய்விட்டதாம். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்று. நடந்ததோ, கட்டியதோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது.

ஒருவர் பேசப்பேசவே காதில் மாற்றிச் சொல்கிற இந்த முறை பெரிய அளவில் பழகியது 1945-இல் தொடங்கிய நியூரம்பர்க் விசாரணையில். அங்கே நான்கு மொழி. பேசுகிறவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும், மெதுவாகப் பேசு என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நாஜித் தலைவர்களே அந்த விளக்குக்குக் கட்டுப்பட்டார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எழுதிவந்த தாளை ஒரு நிமிஷத்துக்குள் வாசித்துத் தீர்க்கிறவர்களைக் கேட்டபோது அந்த மஞ்சள் விளக்கின் ஞாபகம்தான் வந்தது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன்.

“அங்க எந்த பாஷைலடா பேசுவாங்க?”

“இருபத்துநாலும்மா.”

“எல்லாருக்கும் எல்லாம் தெரியுமா?”

“இல்லம்மா. அவங்கவங்க பாஷைல பேசுவாங்க. மத்தவங்க காதுல மாத்திச் சொல்றதுக்கு ஆள் வெச்சிருக்காங்க. நாள்பூரா கேக்கறதுதான் அவங்க வேலை.”

“கேக்கறதுக்குச் சம்பளமா? உங்கப்பா பேசுனதை நாப்பது வருஷம் கேட்டேன். எனக்கு யார்டா குடுத்தா?”

முதல் சட்டமே மொழிச் சட்டம்

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கிளற ஆரம்பித்தேன். வேலை நேரத்தில் செய்ததில்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1958-இல் செயலுக்கு வந்தபோது அதன் கவுன்சில் போட்ட ஒழுங்குமுறை எண் 1 எதைப் பற்றியது தெரியுமா? நிலக்கரி இல்லை, சுங்க வரி இல்லை, கோதுமை இல்லை. மொழி. 1958 ஏப்ரல் 15 தேதியிட்டது. எட்டே பிரிவுகள். டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் நான்கும் அலுவல் மொழிகள். போர் முடிந்து 13 வருஷம்தான் ஆகியிருந்தது. ஒருவன் பாஷையை இன்னொருவன் பூட்ஸ் சத்தத்தோடு கேட்டிருந்த காலம். எந்த பாஷையில் உட்கார்ந்து பேசுவது என்பதைத் தீர்க்காமல் வேறெதையும் பேச முடியாது என்று புரிந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இரண்டாம் பிரிவு. ஒரு நாடோ, சாதாரண ஆளோ இந்த நிறுவனங்களுக்கு எழுதும்போது அலுவல் மொழிகளில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம், பதில் அதே மொழியில் வர வேண்டும். எழுதுகிறவர் தேர்ந்தெடுக்கிறார், ஆள் தேட வேண்டியது அலுவலகத்தின் பாடு. சுமை எந்தப் பக்கம் என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் நாங்கள் பெருமூச்சு விட்டதன் அர்த்தமே, சுமையைப் பாட்டி தூக்கட்டும் என்பதுதானே.

பிறகு ஆள் சேரச்சேர மொழி சேர்ந்தது. 1973-இல் ஆங்கிலமும் டேனிஷும். 1981-இல் கிரேக்கம். 1986-இல் ஸ்பானிஷ், போர்த்துகீஸ். 1995-இல் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ். 2004-இல் மட்டும் ஒரேயடியாக ஒன்பது. 2007-இல் இன்னும் மூன்று. 2013-இல் குரோவேஷியன் வந்ததோடு 24.

காகிதத்தில் 24-உம் சமம். நடைமுறையில் அப்படி இல்லை என்பது பிரஸ்ஸல்ஸில் டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் தெரியும். ஐரோப்பிய ஆணையத்துக்குள் அன்றாட வேலை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றில், அதிலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்கை நீங்கள் லிதுவேனியனில் நடத்தலாம், நீதிபதிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசிப்பது பிரெஞ்சில். இதைக் காட்டி “எல்லாம் நாடகம்” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையற்கட்டில் என்ன பாஷை பேசினால் என்ன, இலையில் விழுவது நமக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி. சட்டம் 24 மொழியிலும் வருகிறதா, வந்து அந்த 24-க்கும் ஒரே மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கு ஒரு வெண்ணெய்க் கதை உண்டு.

பெயர் போட்ட சீட்டு

1969. பொதுச் சந்தையில் வெண்ணெய் விற்காமல் குவிந்து கிடந்தது. அரசு உதவியில் வாழ்கிறவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்று ஆணையம் முடிவு செய்தது. அதற்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஜெர்மன் வாசகத்தின்படி வாங்குகிறவரின் பெயர் சீட்டில் இருக்க வேண்டும். டச்சிலும் ஏறக்குறைய அப்படித்தான். பிரெஞ்சிலும் இத்தாலியனிலும், சீட்டு இன்னாருக்கு உரியது என்று தெரியும்படி இருந்தால் போதும் என்கிற மாதிரி. பெயர் என்ற பேச்சே இல்லை.

ஜெர்மனியில் ஊல்ம் நகரத்தில் ஒருவருக்கு இந்த உதவி கிடைத்தது. மலிவு வெண்ணெய்க்காகத் தன் பெயரைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டியிருப்பது அவமானம் என்று அவர் வழக்குப் போட்டார். ரேஷன் கடை வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அனுபவம் இருப்பவர்களுக்கு இது விளங்கும்.

ஸ்டாடர் வழக்கு என்று அதற்குப் பெயர். 1969 நவம்பர் 12-ஆம் தேதி லக்ஸம்பர்க்கில் தீர்ப்பு. அன்றிருந்த நான்கு மொழி வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். ஒரு மொழியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு பொருள் சொல்லக் கூடாது, முடிவை எழுதியவர்களின் உண்மையான நோக்கம் என்ன என்பதை எல்லா வாசகங்களின் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும், நோக்கத்துக்குப் போதுமானதாக இருந்தால் பயனாளிக்குக் குறைந்த தொல்லை தருகிற பொருளையே கொள்ள வேண்டும் என்றார்கள். ஆக, பெயர் தேவையில்லை. அடிப்படை உரிமைகள் பற்றி அந்த நீதிமன்றம் பேசத் தொடங்கிய இடமும் இந்த வழக்குதான் என்பதால் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித்தருகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரே மொழியில் மட்டும் சட்டம் எழுதியிருந்தால், அந்த மொழி ஜெர்மனாக இருந்திருந்தால், பெயரைப் போடு என்று முடிந்திருக்கும். பல மொழி இருந்ததால்தான் இடுக்கு தெரிந்தது, இடுக்கு தெரிந்ததால்தான் கேள்வி வந்தது. மொழிபெயர்ப்பில் அர்த்தம் தொலைந்துவிடும் என்று சொல்லிச்சொல்லி நம் காது புளித்துப் போயிருக்கிறது. இங்கே தொலைந்திருந்த அர்த்தத்தை மொழிபெயர்ப்பு கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

கோடு கிழிப்பதா, ஆள் வைப்பதா

வேடிக்கை என்னவென்றால், இந்த 24 மொழிக் கட்டடம் நிற்கிற பெல்ஜியம் இதே பிரச்சினைக்கு நேரெதிரான வழியைப் பிடித்த நாடு. 1962-63-இல் நாட்டின் குறுக்கே மொழி எல்லை என்று ஒரு கோட்டைச் சட்டப்படி கிழித்தார்கள். வடக்கே ஃப்ளாண்டர்ஸ், டச்சு. தெற்கே வலோனியா, பிரெஞ்சு. கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் ஜெர்மன். பிரஸ்ஸல்ஸ் மட்டும் இரண்டுக்கும் பொது.

இந்தக் கோடு சாலையில் என்ன செய்யும் என்பதை நான் கார் வாங்கிய முதல் மாதமே அனுபவித்தேன். ‘மோன்ஸ்’ என்கிற ஊருக்குப் போக வேண்டும். நெடுஞ்சாலைப் பலகையில் மோன்ஸ் என்று இருந்தது, சரி. சற்று தூரத்தில் மோன்ஸைக் காணோம், ‘பெர்கன்’ என்று ஏதோ ஓர் ஊர். தவறான சாலையில் வந்துவிட்டோம் என்று வெளியே இறங்கித் திரும்பி, அலைந்து, ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டால், அந்த ஆள் சிரிக்கிறார். பெர்கன்தான் மோன்ஸ். இரண்டுக்கும் அர்த்தம் மலைதான். ஃப்ளாண்டர்ஸ் மண்ணில் பலகை டச்சில், கோட்டைத் தாண்டினால் பிரெஞ்சில். லியேஜ் லாய்க் ஆகிவிடும், பிரான்ஸில் இருக்கிற லீல்கூட இங்கே ரைசல்.

ஃப்ளாண்டர்ஸ் பக்கம் இருக்கிற லூவன் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் மேலே. 1968-இல் மொழிச் சண்டை முற்றி ஓர் அரசே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவு கோட்டைத் தாண்டிப் புதிதாக ஓர் ஊரையே கட்டிக்கொண்டு போயிற்று. நூலகத்தைப் பிரிப்பது எப்படி? அலமாரி எண் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பக்கம், இரட்டைப்படையாக இருந்தால் மறுபக்கம் என்று பிரித்தார்கள். பல தொகுதிகளாக வந்த ஆய்விதழ்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பாகப்பிரிவினையில் அண்டாவை ஒருவரும் மூடியை இன்னொருவரும் கொண்டுபோன குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டுதான்.

ரயிலிலும் இதே கோடு. ஃப்ளாண்டர்ஸில் நடத்துனர் அறிவிப்பது டச்சில், வலோனியாவில் பிரெஞ்சில், பிரஸ்ஸல்ஸுக்குள் இரண்டிலும். 2024-இல் ஒரு நடத்துனர் ஃப்ளாண்டர்ஸ் பகுதியிலேயே டச்சில் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே ‘போன்ஜூர்’ என்றும் சொல்லிவிட்டார். ஒரு பயணி மொழிச் சட்டக் கண்காணிப்புக் குழுவிடம் புகார் கொடுக்க, நாடே ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது. ஒரு வணக்கத்துக்கு!

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் பாட்டியின் தலைமுறை பார்த்த பெல்ஜியம் வேறு. அந்தக் காலத்தில் மேல்படிப்பு, கோர்ட், உத்தியோகம் எல்லாவற்றிலும் பிரெஞ்சுக்குத்தான் மவுசு. டச்சு பேசுகிறவர் பிரெஞ்சு கற்றுக்கொள்வார், மறுபக்கம் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஒருநாள் கோடு கிழித்துவிடுங்கள் என்றுதான் சொல்வார்கள். கோடு கிழிப்பதன் வசதி, எதிராளியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போவது. ஐரோப்பிய ஒன்றியம் கோடு கிழிக்காமல் கூண்டு கட்டி ஆள் வைத்தது. செலவு இருக்கிறது. எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து மொழிபெயர்ப்புக்கும் உரைபெயர்ப்புக்கும் வருஷத்துக்கு ஏறத்தாழ 100 கோடி யூரோ. ஒன்றியத்தின் மக்கள்தொகை சுமார் 45 கோடி. தலைக்கு இரண்டு யூரோ சொச்சம். தெருமுனைக் கடையில் ஒரு காபி அதற்கு மேல்.

நாற்காலி இருக்கிற மொழி

இந்த ஏற்பாட்டில் எனக்கு நெருடுகிற இடமும் உண்டு. 24 மொழி என்பது 24 மக்கள் கூட்டம் இல்லை. ஒரு மொழி உள்ளே வர வேண்டுமானால் ஒரு நாடு அதற்காகக் கேட்க வேண்டும், மற்ற நாடுகள் ஒருமனதாகத் தலையாட்ட வேண்டும்.

ஐரிஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 கணக்கெடுப்பில், பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 72,000 பேர். அவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் 2007-இல் ஐரிஷ் அலுவல் மொழியானது. போதுமான மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாததால் பல வருஷம் அரைகுறையாகத்தான் ஓடியது, 2022 ஜனவரி 1 முதல்தான் முழு அந்தஸ்து. வேண்டாத வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை சட்டத்தையும் ஐரிஷில் எழுத வேண்டி வந்ததால் அந்த மொழிக்கு எத்தனை புதுச் சொற்கள், எத்தனை பிள்ளைகளுக்கு உத்தியோகம்.

இன்னொரு பக்கம் காட்டலான் மொழி. லட்சக்கணக்கில் பேசுகிறார்கள், புத்தகம், பத்திரிகை, டிவி எல்லாம் இருக்கிறது, நாற்காலி மட்டும் இல்லை. 2023 ஆகஸ்டில் ஸ்பெயின் அரசு காட்டலான், பாஸ்க், காலீசியன் மூன்றுக்கும் சேர்த்து விண்ணப்பித்தது. ஒருமனதான சம்மதம் வேண்டுமே, இழுத்துக்கொண்டு கிடக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயின் நாடாளுமன்றத்துக் கீழவையில் இந்த மொழிகளில் பேச அனுமதி கொடுத்து, எல்லோருக்கும் காதுக்கருவி கொடுத்தார்கள். முதல் நாளே வலதுசாரி வாக்ஸ் கட்சி உறுப்பினர்கள் அந்தக் காதுக்கருவிகளைப் பிரதமர் பெத்ரோ சாஞ்செஸின் காலி இருக்கையில் குவித்துவிட்டு வெளியேறினார்கள். பேசியவரின் வாயை அவர்கள் அடைக்கவில்லை. தங்கள் காதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

லக்ஸம்பர்கிஷ் இன்னும் விசித்திரம். 1984 சட்டப்படி அது அந்த நாட்டின் தேசிய மொழி. ஐரோப்பிய நீதிமன்றம் இருப்பதே அந்த மண்ணில்தான். ஆனால் ஒன்றியத்தின் 24-இல் அது இல்லை.

ஆங்கிலத்தின் கதை தலைகீழ். 2020 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டன் வெளியேறியது. ஆங்கிலம் மூட்டையைக் கட்டவில்லை. அயர்லாந்தும் மால்ட்டாவும் ஏற்கெனவே தங்கள் பங்குக்கு ஐரிஷையும் மால்டிஸையும் கொடுத்துவிட்டன. இருந்தாலும் பட்டியலிலிருந்து ஒரு மொழியை எடுப்பதற்கும் எல்லா நாடும் சம்மதிக்க வேண்டும், யாருக்கும் அந்த எண்ணம் இல்லை. இன்றைக்கு பிரஸ்ஸல்ஸ் தாழ்வாரங்களில் ஓடுகிற ஆங்கிலம் பெரும்பாலும் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் ஆங்கிலம். பிரெஞ்சு வாடையில் ‘ஆக்சுவல்’ என்றால் ‘தற்போதைய’ என்று அர்த்தம் வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றத்திலிருந்து 2013-இல் இப்படிப்பட்ட வினோத ஆங்கிலச் சொற்களுக்கென்றே ஒரு கையேடு வந்தது. சென்னை ஆபீஸ் ஆங்கிலத்துக்கும் ஒன்று போடலாம்.

அம்மாவிடம் ஐரிஷ் கதையைச் சொன்னபோது, “அப்ப நீ தமிழ்ல எழுதிப் போட்டா பதில் வராதா?” என்று கேட்டாள். அதுக்கு இங்க ஒரு நாடு வேணும்மா என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு லிஃப்ட் சரியாச்சா என்றாள். நம்மூர்க் கதையை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. இழுத்தால் பதிவு முடியாது.

மறுபடியும் காபிக்கடை

அடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சம் தயாராகப் போனோம். மூன்றாம் மாடியில் இருக்கிற பள்ளி ஆசிரியை பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிண்டிக் சொல்வதைக் காதோடு காதாக டச்சில் சொல்வது என்று ஏற்பாடு. பாட்டி டச்சில் பேசினால் ஆசிரியை அதைப் பிரெஞ்சில் சபைக்குச் சொல்வார். பிரெஞ்சில் எனக்குப் புரியாததைப் போர்த்துகீசியர் ஆங்கிலத்தில் என்னிடம் முணுமுணுப்பார். ரிலேதான். பாட்டி ஏதோ ஒரு குத்தல் பேச, ஆசிரியை சிரித்தார், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள், கடைசியாக நான். சிண்டிக் மட்டும் சிரிக்கவில்லை. குத்தல் அவரைப் பற்றியது.

இரண்டு மணி நேரம் ஆனது. வழக்கத்தைவிட இருமடங்கு. ஆனால் முதல்முறையாக, பழைய லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் யார் என்ன ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று யாரோ கேட்டார்கள். கேட்டது பாட்டி. ஒப்பந்தம் போட்ட வருஷம், கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்த நாற்காலி வரை ஞாபகம் வைத்திருந்தார். கட்டடத்தில் மிகப் பழைய குடித்தனக்காரர் அவர்தான். இத்தனை வருஷமும் கூட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

கூட்டக் குறிப்பு பத்து நாள் கழித்து வந்தது, பிரெஞ்சில். பாட்டி டச்சு வேண்டும் என்றார். பிரஸ்ஸல்ஸ் கட்டடத்தில் ஓர் உரிமையாளர் கேட்டால் சங்கத்து ஆவணங்களை டச்சிலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்துத் தர வேண்டும், செலவு சங்கத்துடையது என்று பெல்ஜியச் சட்டமே சொல்கிறது. சிண்டிக் முனகிக்கொண்டே அனுப்பினார். மெஷினில் போட்டு எடுத்தது போலத்தான் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. பிரெஞ்சுப் பிரதி கையில் இருக்கும்போது எதற்கு?

ஒரு சனிக்கிழமை காலை கதவைத் தட்டுகிற சத்தம். பாட்டி. இரண்டாம் மாடியிலிருந்து நாலாம் மாடிக்குப் படியேறி வந்திருக்கிறார், கையில் இரண்டு காகிதக் கற்றை. உட்காரச் சொன்னேன். மூச்சு நிலைக்கு வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பத்தியில் இரண்டு இடத்தில் விரலை வைத்தார். லிஃப்ட் பணத்தை உரிமையாளர்கள் கட்ட வேண்டியது பிரெஞ்சில் இரண்டு தவணை. டச்சில் மூன்று.

“எது சரி?” என்றார்.

கூட்டத்தில் பேசியது இரண்டா மூன்றா என்று எனக்குச் சத்தியமாக ஞாபகமில்லை. எனக்கு வெண்ணெய் வழக்குதான் ஞாபகம் வந்தது. என் கால்வாசி டச்சில், ஊல்ம் நகரத்தையும் பெயர் போட்ட சீட்டையும் சொல்ல முயன்றேன். ‘சீட்டு’க்கு டச்சு வார்த்தை வரவில்லை, கையால் செவ்வகம் வரைந்து காட்டினேன். பாட்டி பொறுமையாகக் கேட்டார். இரண்டு வாசகமும் முரண்பட்டால் வாங்குகிறவருக்குத் தொல்லை குறைவானது எதுவோ அது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

“அப்படியானால் மூன்று” என்றார் பாட்டி. கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார். சிண்டிக்குக்குக் கடிதம், ஏற்கெனவே எழுதி, தபால்தலை ஒட்டி வைத்திருந்தார். டச்சில்தான். எதற்கும் என்னிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போடலாம் என்று வந்தாராம்.

லிஃப்ட் இன்னும் வரவில்லை. பாட்டி இறங்கும்போது தபால் உறையை வாங்கிக்கொண்டு நானும் கூடவே கீழே இறங்கினேன். முதல் தவணைக்கான சீட்டு நேற்று தபால்பெட்டியில் கிடந்தது. மூன்றில் ஒன்று என்று போட்டிருக்கிறது, இரண்டு மொழியிலும்.